தீபாவளிக்குத் தோற்ற படம்

போன எபிசோடுக்கு வந்த மெயில்ல பாதி ஒரே கேள்விதான்: "பெரிய டைரக்டருங்களோட சுமாரான படங்களைப் பத்திப் பேசுவீங்களா?" பேசலாம். ஆனா பத்துப் படத்தை வரிசையா அடுக்கி மார்க் போடுற வேலையை நான் செய்யப் போறதில்ல. ஒரே ஒரு படம். பாரதிராஜாவின் 'நிழல்கள்'. 1980. ஓடாத படம். எங்க வீட்டுல நாப்பது வருஷமா ஓடிக்கிட்டு இருக்குற படம்.

முதல்ல ஒரு சோதனை. 'மடை திறந்து' பாட்டைக் கேட்டிருக்கீங்களா? உங்கள்ல நிறைய பேருக்கு முதல்ல ஞாபகம் வர்றது யோகி பி குரலா இருக்கும். மலேசியாவுல யோகி பி, நட்சத்திரா கூட்டணி 2006ல 'வல்லவன்'னு ஒரு ஆல்பம் போட்டாங்க. அதுல இந்தப் பாட்டை ராப் பண்ணி, உலகத்துல தமிழ் பேசுற எல்லா காலேஜ் ஹாஸ்டலுக்கும் கொண்டு போய்ச் சேர்த்தாங்க. நான் படிச்ச ஹாஸ்டல்ல பரீட்சைக்குப் போறதுக்கு முன்னாடி இதைப் போடுவோம். ஜெயிக்கப் போறவனோட பாட்டு அது எங்களுக்கு.

மூலப் பாட்டு வாலி எழுதி, இளையராஜா இசையில, எஸ்.பி.பி. பாடினது. படத்துல அதைப் பாடுற ஹரிங்கிற பையன் (சந்திரசேகர் நடிச்சிருப்பார்) இசையமைப்பாளர் ஆகணும்னு கனவு காண்றவன். பாட்டு அவன் கனவு. அந்தக் கனவு படத்துல நிறைவேறாது. நாம மோட்டிவேஷனுக்குப் போட்டுக் கேட்டது, கடைசியில ஒண்ணுமே கிடைக்காத ஒருத்தனோட பாட்டு. இது தெரிஞ்சப்போ எனக்குக் கொஞ்சம் திக்குனுதான் இருந்துச்சு.

சரி, 1980க்குப் போவோம். பாரதிராஜா அப்போ தொட்டதெல்லாம் துலங்குற காலம். 1977ல '16 வயதினிலே'. 1978ல 'கிழக்கே போகும் ரயில்', அதே வருஷம் 'சிகப்பு ரோஜாக்கள்'. 1979ல 'புதிய வார்ப்புகள்', 'நிறம் மாறாத பூக்கள்'. ஸ்டூடியோ செட்டுக்குள்ள இருந்த சினிமாவை வயக்காட்டுக்கு இழுத்துட்டு வந்தவர்ன்னு பேர் வாங்கியாச்சு. அந்த மனுஷன் திடீர்னு நகரத்துக்கு வர்றார். வேலை கிடைக்காத ஒரு பட்டதாரி, அவன் கூட ஒரே அறையில இசைக் கனவோட இருக்குற நண்பன், வசதியான வீட்டு மருத்துவ மாணவன் ஒருத்தன், நடுவுல ஒரு பொண்ணு. இவ்வளவுதான் கதை. பெரிய நடிகர் ஒருத்தரும் இல்ல.

1980 தீபாவளிக்கு ரிலீஸ். அதே தீபாவளிக்கு இன்னொரு வேலையில்லாப் பட்டதாரி படமும் வந்துச்சு: கே. பாலசந்தரின் 'வறுமையின் நிறம் சிவப்பு'. கமல்ஹாசன், ஸ்ரீதேவி. போதாததுக்கு ரஜினியோட 'பொல்லாதவன்' வேற. ஒரே பொருள்ல ரெண்டு பெரிய டைரக்டர், ஒரே பண்டிகை. ஒண்ணு ஓடுச்சு, ஒண்ணு விழுந்துச்சு. நம்ம சினிமா வரலாற்றுல இவ்வளவு சுத்தமான ஒப்பீடு அடிக்கடி கிடைக்காது.

இந்தப் பொருளே புதுசு இல்லைங்கிறதையும் சொல்லிடணும். கல்கத்தாவுல சத்யஜித் ரே 1970லேயே 'பிரதித்வந்தி' எடுத்துட்டார். அதுல வேலைக்கான நேர்முகத்துல ஒரு கேள்வி வரும்: கடந்த பத்து வருஷத்துல நடந்த முக்கியமான விஷயம் எது? பையன் நிலாவுல மனுஷன் இறங்கினதைச் சொல்ல மாட்டான், வியட்நாம் போர்ன்னு சொல்வான். வேலை கிடைக்காது. அடுத்த வருஷம் மிருணாள் சென் 'இன்டர்வியூ'ன்னே பேர் வெச்சு ஒரு படம் எடுத்தார். நமக்கு அந்தச் சூடு வந்து சேர பத்து வருஷம் ஆச்சு. வந்தப்போ ரெண்டா வந்துச்சு.

இப்ப எங்க வீட்டுக் கதை.

எனக்கு ஊர் அமராவதி நகர். உடுமலைப்பேட்டையில இருந்து தெற்கே, அமராவதி அணையை ஒட்டி இருக்கு. வெளியூர்க்காரங்களுக்கு முதலைப் பண்ணையும் 1962ல ஆரம்பிச்ச சைனிக் ஸ்கூலும்தான் தெரியும். இன்னைக்கு நாங்க திருப்பூர் மாவட்டம், அன்னைக்குக் கோயமுத்தூர் மாவட்டம். அப்பா 1979ல டிகிரி முடிச்சவர். அவங்க வீட்டுல முதல் பட்டதாரி. முடிச்சுட்டு ரெண்டு வருஷத்துக்கு மேல வேலை இல்ல. எம்ப்ளாய்மென்ட் ஆபீஸ்ல பதிஞ்சுட்டு, கார்டைப் புதுப்பிச்சுக்கிட்டே இருந்த கூட்டத்துல ஒருத்தர்.

அந்தத் தீபாவளிக்கு நாலு கூட்டாளிகளோட கோயமுத்தூருக்குப் படம் பார்க்கப் போயிருக்கார். கமல் படத்துக்கும் ரஜினி படத்துக்கும் டிக்கெட் கிடைக்கல. பாரதிராஜா படம்தானே, பச்சைப்பசேல்னு இருக்கும்னு நம்பி 'நிழல்கள்' போயிருக்காங்க. இடைவேளையில டீ குடிக்க வெளிய வந்த அப்பா திரும்ப உள்ள போகல. கூட்டாளிங்க கூப்பிட்டதுக்கு "நீங்க பாருங்கடா, நான் பஸ் ஸ்டாண்டுல இருக்கேன்"னுட்டு நடந்துட்டாராம். பண்டிகைக்கு வாங்கிக் கொடுத்த சட்டையோட பஸ் ஸ்டாண்டுல ரெண்டு மணி நேரம்.

ஏன்னு நான் சின்ன வயசுல கேட்டா, "படம் நல்லால்ல கண்ணு"ன்னு மட்டும் சொல்வார்.

ஆனா பாட்டு? அது வேற கணக்கு. 1981 கடைசியில உடுமலைப் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லுல அப்பாவுக்கு வேலை கிடைச்சுது. டிகிரிக்கும் அந்த வேலைக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. டேப் ரெக்கார்டர் வாங்கினதும் அவர் பதிவு பண்ணிட்டு வந்த முதல் கேசட்டுல ஒரு பக்கம் 'நிழல்கள்'. நைட் ஷிப்ட் முடிச்சு வந்து, தலையில ஒட்டின பஞ்சைத் தட்டிக்கிட்டே அதைப் போட்டுட்டுத்தான் தூங்குவார். தீபன் சக்கரவர்த்தியும் உமா ரமணனும் பாடின 'பூங்கதவே' பாட்டு இல்லாம எங்க வீட்டுல ஒரு காலை நேரமும் விடிஞ்சதில்ல. கேசட் தேய்ஞ்சு போய் இன்னொண்ணு, அப்புறம் சீடி. படத்துல இருந்து எந்திரிச்சு வந்த மனுஷன் பாட்டை விடல. இதுல இன்னொரு வேடிக்கை, எஸ். ஜானகி பாடின ஒரு அருமையான பாட்டு அந்தக் கேசட்டுல உண்டு, படத்துல கிடையாது. ஒரு கணக்குல பார்த்தா, தியேட்டர்ல உட்கார்ந்து பார்த்தவங்களை விட கேசட் வாங்கினவங்களுக்குத்தான் முழுசாக் கிடைச்சுது.

படம் ஏன் தோத்துச்சுங்கிறதுக்கு சுலபமான பதில், ஸ்டார் இல்ல. எனக்கு அது பத்தல. '16 வயதினிலே'யில கமலும் ரஜினியும் இருந்தாங்க, சரி. 'கிழக்கே போகும் ரயில்'ல யார் ஸ்டார்? அது சுதாகருக்கும் ராதிகாவுக்கும் ஆரம்பம். ஓடுச்சே!

வித்தியாசம் முடிவுலன்னு நினைக்கிறேன். பாலசந்தர் படத்துல பசி உண்டு, அவமானம் உண்டு, ஆனா கமல் அதையெல்லாம் எகத்தாளத்தோட தாங்குவார். சோறு இல்லாத வீட்டுல சிரிப்பு இருக்கும். கடைசியில அவர் முடிதிருத்துற வேலைக்குப் போறார். டிகிரியை ஓரமா வெச்சுட்டு ஒரு கைத்தொழில். அது தோல்வியா வெற்றியான்னு நீங்களும் நானும் சண்டை போட்டுக்கலாம், ஆனா அது ஒரு வழி. 'நிழல்கள்' வழியே காட்டாது. பாரதிராஜா கதவைத் திறக்குற மாதிரி திறந்து, நம்ம முகத்துல சாத்துவார். தீபாவளிக்குப் புதுச்சட்டை போட்டுட்டு வந்த வேலையில்லாத பையனுக்கு அதைக் காட்டினா அவன் பஸ் ஸ்டாண்டுக்குத்தான் போவான்.

அதுக்காக அதை மறைஞ்சு கிடக்குற மாஸ்டர்பீஸ்ன்னும் நான் சொல்லல. யூடியூப்ல இப்படி ஒரு வியாதி இருக்கு: ஓடாத படம் எல்லாமே 'காலத்தை முந்தின படம்'. இது அப்படி இல்ல. மூணு பசங்க கதையும் ஒண்ணோட ஒண்ணு சரியா முடிச்சுப் போடல. பணக்கார மாணவனோட காதல் வேற படத்துல இருந்து வந்த மாதிரி இருக்கும். கிராமத்து மனுஷங்க உடம்பையும் பேச்சையும் அவ்வளவு துல்லியமாப் பிடிச்ச டைரக்டர், நகரத்து வாடகை அறைக்குள்ள வந்ததும் கொஞ்சம் சத்தமாப் பேச ஆரம்பிச்சுடுறார். ரெண்டாம் பாதியில சோகத்தைக் கரண்டியில எடுத்து ஊட்டுற இடங்கள் உண்டு. ஆனா கண்ணனோட கேமராவுல வர்ற அந்தச் சாயங்கால வெளிச்சம், அதுக்கு நடுவுல அவசரமே இல்லாம நடந்து போற ஒரு இளைஞன்... அந்த ஒரு பாட்டுக்காக மிச்சத்தை மன்னிச்சுடலாம்.

அந்தப் பாட்டுதான் வைரமுத்துவுக்குத் திரையில முதல் பாட்டு. எங்க ஊர்ப் பெருமைக்காக ஒரு சின்னக் கிளைக்கதை: உடுமலை பக்கம் பூளவாடியில 1899ல பிறந்த உடுமலை நாராயணகவி, நாடகக் கொட்டகை காலத்துல இருந்து சினிமாவுக்குப் பாட்டு எழுதினவர், 1981ல காலமானார். வைரமுத்து உள்ள வந்ததுக்கு அடுத்த வருஷம். ஒருத்தர் போற வாசல்ல இன்னொருத்தர் வந்த மாதிரி எனக்கு எப்பவும் தோணும். சரி, விஷயத்துக்கு வர்றேன்.

'நிழல்கள்' விட்டுட்டுப் போன ஆளுங்களைப் பாருங்க. வைரமுத்து ஒண்ணு. படத்துக்கு எழுதின மணிவண்ணன் ரெண்டு. பல்லடத்துல இருந்து கோயமுத்தூர் போற வழியில இருக்குற சூலூர்க்காரர். ரசிகராக் கடிதம் எழுதியே பாரதிராஜாகிட்ட போய்ச் சேர்ந்தவர்ன்னு சொல்வாங்க. முதல் படமே தோத்தும் பாரதிராஜா அவரை விடல. அடுத்த வருஷம் 'அலைகள் ஓய்வதில்லை'க்கும் அவரே எழுதினார், அது பிச்சுக்கிட்டு ஓடுச்சு. 1982ல 'கோபுரங்கள் சாய்வதில்லை' மூலமா அவரே டைரக்டர். 1994ல 'அமைதிப்படை'. 2013ல தன்னோட அம்பதாவது படத்தை முடிச்சுட்டுப் போய்ச் சேர்ந்தார். வேலையில்லாப் பட்டதாரியா நடிச்ச ரவி, கோயமுத்தூர்க்காரர், இன்னைக்கும் 'நிழல்கள்' ரவிதான். ஓடின எத்தனையோ படத்தோட பேரு யார் பேருக்கும் முன்னாடி ஒட்டல, இது ஒட்டிக்கிச்சு. மருத்துவ மாணவனா வந்த ராஜசேகர், ராபர்ட்டோட சேர்ந்து 1981ல 'பாலைவனச் சோலை' எடுத்தார். திரும்பவும் வெட்டியாத் திரியுற பசங்க, திரும்பவும் அதே சந்திரசேகர், திரும்பவும் சோகமான முடிவு. இந்தத் தடவை ஜனங்க அழுதுக்கிட்டே திரும்பத் திரும்பப் பார்த்தாங்க. அதுல நண்பர்கள் ஒருத்தனை ஒருத்தன் கிண்டல் பண்ணிக்கிட்டாவது இருந்தாங்க. 'நிழல்கள்'ல கத்துக்கிட்ட பாடம்னு நான் அடிச்சுச் சொல்ல முடியாது, ஆனா பக்கத்துல இருந்து பார்த்தவர் எடுத்த படம் அது.

இதுக்கு நேர் எதிரான ஒரு படத்தையும் சொல்லிடுறேன். மணிரத்னத்தோட 'இதயக்கோவில்', 1985. கோவைத்தம்பி தயாரிப்பு, மோகன், ராதா, அம்பிகா. இளையராஜா பாட்டு பட்டிதொட்டியெல்லாம் அடிச்சுது, படம் நல்லா ஓடுச்சு. எங்க வல்லகுண்டாபுரத்துக்காரர் கவுண்டமணி காமெடி வேற. மணிரத்னம் படத்துல கவுண்டமணி கவுன்ட்டரான்னு இப்போ பார்த்தா சிரிப்பா வரும். ஆனா அந்தப் படத்துல மணிரத்னம் எங்க இருக்கார்ன்னு தேடித்தான் பார்க்கணும். அவரே அதைப் பெருமையாச் சொல்லிக்கிட்டதில்ல. அடுத்த வருஷம் 'மௌன ராகம்', அதுக்கடுத்த வருஷம் 'நாயகன்'. ஓடின 'இதயக்கோவில்'ல டைரக்டரைக் காணோம். ஓடாத 'நிழல்கள்'ல ஃப்ரேமுக்கு ஃப்ரேம் டைரக்டர் இருக்கார், தப்பு பண்ணிக்கிட்டாவது இருக்கார். சுமாரான படம்னு ரெண்டையும் ஒரே மூட்டையில கட்டுறவங்களோட எனக்குச் சண்டை அதான்.

திரும்ப வீட்டுக்கு. நான் 2012ல இன்ஜினியரிங் முடிச்சேன். கேம்பஸ்ல எடுத்த கம்பெனி கூப்பிடவே இல்ல. பத்து மாசம் வீட்டுல. அணைப் பூங்காவுல போய் உட்காருவேன், சாயங்காலம் திரும்புவேன். அந்த மாசங்கள்லதான் ஒரு ராத்திரி 'நிழல்கள்' முழுசாப் பார்த்தேன். பார்த்துட்டு அப்பாகிட்ட ஒண்ணும் பேசல. ஆனா அவர் ஏன் எந்திரிச்சுப் போனார்ன்னு அப்புறம் நான் கேட்டதே இல்ல. அப்புறம் திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில மெர்ச்சண்டைசர் வேலை. இன்னைக்கும் அதான். ஒன்றரை ஷிப்ட் ஓடுற நாள்ல, ஓவர்லாக் மெஷின் சத்தத்துக்கு மேல ஸ்பீக்கர்ல பழைய ராஜா பாட்டு போகும். 'மடை திறந்து' வந்தா செக்கிங்ல இருக்குற பசங்க கூடவே பாடுவாங்க. ஒடிசாவுல இருந்து வந்த தம்பி ஒருத்தன், அர்த்தம் தெரியாமலே, ராப் வெர்ஷன்ல பாடுவான்.

2020 லாக்டவுன். கம்பெனி மூடினாங்க, ஊருக்கு வந்துட்டேன். அப்பா ரிட்டையர் ஆகி இருந்தார். ஒரு மத்தியானம் நானே லேப்டாப்பை டிவியோட மாட்டி, "ரெண்டாம் பாதி மட்டும் பார்க்கலாமாப்பா?"ன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "போடு"ன்னார். பிரின்ட் ரொம்ப மோசம். கலரெல்லாம் வெளுத்து, ஓரம் வெட்டுப்பட்டு, அங்கங்க தாண்டித் தாண்டி ஓடுச்சு. படச்சுருளைப் பாதுகாக்க இங்க ஒரு ஆவணக் காப்பகம் வேணும்னு பாலு மகேந்திரா கடைசி வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தார். தேசிய ஆவணக் காப்பகம் 1964லயே பூனாவுல வந்துடுச்சு. ஆனா ஓடாத தமிழ்ப் படத்தை யார் நினைச்சுப் பார்த்து அங்க கொண்டு சேர்ப்பா? ஓடின படத்துக்காவது டிவி உரிமை, மறு வெளியீடுன்னு யாராவது தேடி வருவாங்க.

அப்பா கடைசி வரைக்கும் அசையாம பார்த்தார். நாப்பது வருஷம் கழிச்சு இடைவேளை முடிஞ்சுது. படம் முடிஞ்சதும் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கிட்டே, "அன்னைக்கு இதைப் பார்த்திருந்தா மில்லுக்குப் போயிருக்க மாட்டேன்"ன்னார். வேற எங்க போயிருப்பீங்கன்னு கேக்க எனக்குத் தைரியம் வரல. கொஞ்ச நேரம் கழிச்சு அவரே, "பாட்டு கிளியரா இல்ல. நம்ம கேசட் நல்லாருக்கும், பரண்ல பாரு"ன்னார். ஏணி போட்டு ஏறிப் பார்த்தேன். கேசட் இருந்துச்சு, டேப் ரெக்கார்டர்தான் ஓடல.