எம்டனும் வங்கக் கடல் வணிகமும்

போர், கடல் வணிகத்திற்கு விளைக்கும் கேட்டினை மூழ்கிய கப்பல்களையும் அழிந்த சரக்கினையும் கொண்டே பொதுவாக மதிப்பிடுவர். இவ்வளவுகோல் போதாது என்பதற்கு, 1914ஆம் ஆண்டு வங்கக் கடலில் உலவிய எம்டன் என்னும் செருமானியப் போர்க்கப்பலின் வரலாறு தக்க சான்றாகும்.

கார்ல் ஃபான் முல்லர் தலைமையில் வந்த இக்கப்பல், செப்டம்பர் 10 முதல் கல்கத்தா செல்லும் கடல்வழியில் வணிகக் கப்பல்களை அடுத்தடுத்துக் கைப்பற்றியது. தேயிலை ஏற்றிச் சென்ற டிப்ளமேட் அவற்றுள் ஒன்று. மாலுமிகளை வேறு கப்பலுக்கு மாற்றிய பின்னரே கைப்பற்றிய கப்பலை மூழ்கடிப்பது முல்லரின் வழக்கம். செய்தி கரையை எட்டாமையால், அந்நாள்களில் ஏனைய கப்பல்கள் அச்சமின்றிப் புறப்பட்டன. அன்று நடுநிலை நாடாக இருந்த இத்தாலியின் லோரடானோ என்னும் கப்பல், வழிமறிக்கப்பட்டுப் பின் விடுவிக்கப்பட்டது. அதுவே ஆங்கிலேயருக்குச் செய்தியை அறிவித்தது. அதன் பின்னரே கொழும்பு - சிங்கப்பூர்க் கடல்வழி மூடப்பட்டது. காப்பீட்டுக் கட்டணமும் ஏறியது. வணிகத்தை நிறுத்தியது பீரங்கியன்று, செய்தியே என்பது இதனால் புலனாகும்.

செப்டம்பர் 22 இரவு எம்டன் சென்னைத் துறைமுகத்தைத் தாக்கியது. ஏறத்தாழ அரைமணி நேரத் தாக்குதலில் பர்மா எண்ணெய்க் குழுமத்தின் கொள்கலன்கள் தீப்பற்றின. உயிரிழந்தோர் சிலரே, ஆயினும் மக்கள் பெருந்திரளாக நகரை விட்டு வெளியேறினர். கரையிலிருந்த கிடங்கும் பாதுகாப்பற்றது என்னும் எண்ணம் அன்று வேரூன்றியது. நவம்பர் 9 அன்று கோகோசுத் தீவுகளருகே சிட்னி என்னும் ஆசுதிரேலியப் போர்க்கப்பலால் எம்டன் வீழ்த்தப்பட்டது. அதற்குள், இரண்டே மாதங்களில், இருபதுக்கும் மேற்பட்ட வணிகக் கப்பல்களை அது வழிமறித்திருந்தது.

எம்டன் ஓர் அரசின் போர்க்கப்பல். அதன் செயலைப் பயங்கரவாதம் எனல் பொருந்தாது. எனினும் இரண்டும் வணிகத்தைத் தாக்கும் முறை ஒன்றே. 2023 நவம்பர் முதல் செங்கடலில் ஊதி படையினர் கப்பல்களைத் தாக்கியபோது, தாக்கப்பட்டவற்றினும் பன்மடங்கு கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் சென்றன. கூடுதல் நாளும் எரிபொருளும் காப்பீடும் சரக்கின் செலவில் சேர்ந்தன.

அச்சத்தின் விலையைத் துறைமுகக் கணக்கேடுகள் தனியே குறிப்பதில்லை. மக்கள் வழக்கு அதனைக் குறித்து வைத்துள்ளது. எளிதில் பிடிபடாத சூழ்ச்சித் திறனுடையவனை ‘எம்டன்’ என்னும் தமிழ்ப் பேச்சுவழக்கு, பொருளியல் வரலாற்றிற்கும் ஒரு சான்றாகும்.