கம்பெனி ஸ்டீரியோவை மாற்றப் போறீங்களா? வாட்ஸைப் பார்க்கும் முன் கதவையும் வயரையும் பாருங்க!

செகண்ட் ஹேண்டில் ஒரு ஸ்போர்ட்டி கார் வாங்கியாச்சு. தஞ்சாவூர் - நாகப்பட்டினம் சாலையில் ஒரு தடவை ஓட்டிப் பார்த்தாச்சு. இன்ஜின் ஓகே, பிரேக் ஓகே. ஆனா பாட்டு மட்டும் டப்பாவுக்குள்ள இருந்து வர்ற மாதிரி கேட்குது. கார் ஆக்சஸரிஸ் கடைக்குப் போனால் முதலில் வரும் யோசனை பெரும்பாலும் ஒண்ணுதான்: "டிக்கியில ஒரு ஊஃபர் வெச்சிடலாம்."

அவசரப்பட வேண்டாம். ஸ்டீரியோ மாற்றுவதில் பெரிய செலவை கடைசியில் செய்வதுதான் லாபம். வரிசை தப்பினால் பணம் மட்டும் போகாது. வயரிங் கோளாறில் தீ விபத்து, இன்ஷூரன்ஸ் சிக்கல், காது பாதிப்பு வரைக்கும் போகலாம். எதை முதலில் செய்வது, எதைத் தொடவே கூடாது? பார்க்கலாம்.

நம்ம ஊர் ஸ்போர்ட்டி காரில் என்ன இருந்தது?

தமிழ்நாட்டுக்கு நெருக்கமான உதாரணம் டியாகோ ஜே.டி.பி. கோவையைச் சேர்ந்த ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸும் டாடா மோட்டார்ஸும் கூட்டாக உருவாக்கி, 2018 அக்டோபரில் விற்பனைக்குக் கொண்டு வந்த கார் இது. 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின், 150 நியூட்டன் மீட்டர் டார்க். 2020-ல் பி.எஸ்.6 விதி வந்தபோது விற்பனை நின்றுவிட்டது. இப்போது செகண்ட் ஹேண்டில் மட்டும்தான் கிடைக்கும்.

இதில் கம்பெனியே ஹர்மன் டச் ஸ்க்ரீனும் 8 ஸ்பீக்கர்களும் கொடுத்திருந்தது. அதாவது 4 ஸ்பீக்கர், 4 ட்வீட்டர். 2021-ல் வந்த ஹூண்டாய் ஐ20 என் லைனில் போஸ் நிறுவனத்தின் 7 ஸ்பீக்கர் சிஸ்டம் உண்டு. இந்த மாதிரி கார்களில் எல்லாவற்றையும் பிடுங்கிப் போட வேண்டிய அவசியமே இல்லை. எங்கே குறை என்று பார்த்து, அதை மட்டும் சரி செய்தால் போதும்.

அப்புறம் ஏன் சுமாரா கேட்குது?

காரணம் 1: சத்தத்துக்கு மேல் சத்தம். ஸ்போர்ட்டி காரில் டயர் அகலம், சஸ்பென்ஷன் இறுக்கம், சைலன்சர் சத்தமும் அதிகம். சாலையிலிருந்து வரும் "கும்ம்" என்ற இரைச்சல், பாட்டில் உள்ள பாஸை அப்படியே மூடிவிடும். நின்றிருக்கும் காரில் நல்லா கேட்ட பாட்டு 80 கி.மீ. வேகத்தில் மெலிந்து போவது இதனால்தான்.

காரணம் 2: கதவு. வீட்டு ஸ்பீக்கருக்கு மரப்பெட்டி இருக்கு. கார் ஸ்பீக்கருக்கு மெல்லிய தகரக் கதவுதான் பெட்டி. அதில் ஓட்டைகள் வேற. ஸ்பீக்கர் அதிரும்போது தகரமும் சேர்ந்து அதிர்ந்தால் ஓசை கலங்கிவிடும்.

காரணம் 3: "50 வாட்ஸ் x 4" என்ற ஸ்டிக்கர். ஓடும் காரில் கிடைப்பது சுமார் 14 வோல்ட். 4 ஓம் ஸ்பீக்கருக்குத் தனி ஆம்ப்ளிஃபயர் இல்லாமல் ஸ்டீரியோ மட்டும் தொடர்ந்து தரக்கூடியது, கணக்குப் போட்டால் ஒரு ஸ்பீக்கருக்கு 20 வாட்ஸ் பக்கம்தான். 50 என்பது கணநேர உச்சம். பெட்டியில் 'ஆர்.எம்.எஸ்.' என்று போட்டிருக்கும் எண்ணை மட்டும் நம்புங்க.

தவில், நாதஸ்வரம், ஜால்ரா

ஓசையைப் புரிஞ்சுக்க தஞ்சாவூர்க்காரங்களுக்கு ஒரு கச்சேரி போதும். தவிலின் தொப்பிப் பக்கம் தரும் கனமான அடி, கீழ் அதிர்வெண். அது ஊஃபரின் வேலை. நாதஸ்வரமும் பாடகர் குரலும் நடுப்பகுதி. அது கதவு ஸ்பீக்கரின் வேலை. ஜால்ராவின் 'கிணிங்' மேல் அதிர்வெண். அது ட்வீட்டரின் வேலை.

நாதஸ்வரம் சரியா கேட்காத மேடையில் இன்னொரு தவிலைக் கொண்டுவந்து உட்கார வைத்தால் என்ன ஆகும்? கதவு ஸ்பீக்கரைச் சரி செய்யாமல் டிக்கியில் ஊஃபர் வைப்பதும் அதேதான். குரல் இன்னும் அமுங்கிப் போகும்.

எந்த வரிசையில் மாற்றணும்?

முதல் படி, செலவே இல்லை: 'பாஸ் பூஸ்ட்' ஆஃப் பண்ணுங்க. ஈக்குவலைசரை நடுவில் வையுங்க. தரமான ஃபைலைப் போட்டுக் கேளுங்க. ஒவ்வொரு ஸ்பீக்கராகத் தனியே ஒலிக்க விட்டுப் பாருங்க. ஒன்று கிழிந்திருந்தாலோ, பிளஸ் - மைனஸ் மாறி இணைக்கப்பட்டிருந்தாலோ பாஸ் காணாமல் போகும். பழைய கார்களில் குறை இங்கேயே பிடிபடலாம்.

இரண்டாவது படி, கதவு: உள்பக்கத் தகரத்தில் டேம்பிங் ஷீட் ஒட்டி, ஓட்டைகளை அடைக்கணும். கதவின் அடியில் மழைநீர் வெளியேறும் துளைகளை மட்டும் அடைக்கவே கூடாது.

மூன்றாவது படி, முன்பக்க ஸ்பீக்கர்: ட்வீட்டர் தனியாக வரும் 'காம்பொனன்ட்' செட் நல்லது. வாட்ஸை விட சென்சிட்டிவிட்டியைப் பாருங்க. 91 டெசிபல் ஸ்பீக்கர் 20 வாட்ஸில் தரும் சத்தத்தை, 88 டெசிபல் ஸ்பீக்கர் தர 40 வாட்ஸ் வேணும். 3 டெசிபல் குறைந்தால் இரண்டு மடங்கு மின்சாரம் என்பதுதான் கணக்கு. கம்பெனி ஸ்பீக்கர் எத்தனை ஓம் என்றும் பார்க்கணும். சில பிராண்டட் சிஸ்டங்களில் 2 ஓம் இருக்கும். அதில் 4 ஓம் ஸ்பீக்கர் போட்டால் சத்தம் குறையும்.

நான்காவது படி, ஆம்ப்ளிஃபயர். ஐந்தாவது, கடைசியாகத்தான் ஊஃபர். சின்ன டிக்கி உள்ள காருக்கு சீட்டுக்கு அடியில் வைக்கும் மெல்லிய ஊஃபர் போதும். பெரிய மரப்பெட்டி என்றால் எடை கூடும். ஸ்போர்ட்டி காரில் அந்த எடையும் கணக்குத்தான்.

தீ எங்கிருந்து வருது?

இதுதான் கவனிக்க வேண்டிய இடம். 500 வாட்ஸ் ஆர்.எம்.எஸ். ஆம்ப்ளிஃபயர் முழு வீச்சில் ஓடினால் சுமார் 45 ஆம்பியர் மின்சாரம் இழுக்கும். 55 வாட்ஸ் ஹாலஜன் பல்பு போட்ட இரண்டு ஹெட்லைட்டும் சேர்ந்து இழுப்பது 9 ஆம்பியர்தான். அதாவது ஐந்து மடங்கு!

இந்த மின்சாரம் பேட்டரியிலிருந்து கார் முழுக்கக் கடந்து டிக்கிக்குப் போகுது. வழியில் வயர் தகரத்தில் உரசித் தோல் கிழிந்தால் ஷார்ட் சர்க்யூட். அதனால் பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் ஃபியூஸ் கட்டாயம் இருக்கணும். ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் மட்டும் ஃபியூஸ் போட்டால், நடுவில் ஓடும் வயருக்குப் பாதுகாப்பே இல்லை.

வயர் முழுச் செம்பாக இருக்கணும். அலுமினியத்துக்கு மேல் செம்பு பூசிய வயர் விலை குறைவு. ஆனால் அதே தடிமனில் குறைந்த மின்சாரத்தையே தாங்கும், சூடாகும்.

டெல்டாவுக்கு மட்டும் சில குறிப்புகள்

ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்ணாடி வழியாகக் கதவுக்குள் தண்ணீர் இறங்குவது சகஜம். உள்ளே இருக்கும் பாலித்தீன் ஷீட்டைக் கிழித்துவிட்டு அப்படியே மூடினால், தண்ணீர் காருக்குள் வரும். ஸ்பீக்கரைப் பொருத்தும் வளையம் எம்.டி.எஃப். மரத்தூளில் செய்ததாக இருந்தால் ஊறி உப்பிவிடும். பிளாஸ்டிக் வளையம் கேளுங்க.

இன்னொன்று, எலி. அறுவடைக்குப் பிறகு வைக்கோல் போருக்கும் நெல் மூட்டைக்கும் பக்கத்தில் நிற்கும் காருக்குள் எலி நுழைவது புதுசு இல்லை. புது வயர் எல்லாவற்றையும் நெளிவுக் குழாய்க்குள் விட்டு ஓட்டச் சொல்லுங்க. கடிபட்ட வயரில் தீயைத் தடுப்பதும் அந்த ஃபியூஸ்தான்.

எதைத் தொடவே கூடாது?

மஞ்சள் நிற கப்ளர்கள். பெரும்பாலான கார்களில் அவை ஏர்பேக் இணைப்பு. டேஷ்போர்டைக் கழற்றும் முன் பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றிவிட்டு சில நிமிடங்கள் காத்திருக்கணும்.

டச் ஸ்க்ரீனையும் முடிந்தவரை மாற்ற வேண்டாம். ஸ்டீயரிங் பட்டன், ரிவர்ஸ் சென்சார் டிஸ்ப்ளே எல்லாம் அதோடு பின்னியிருக்கும். ஆம்ப்ளிஃபயருக்குக் கம்பெனி ஸ்டீரியோவின் ஸ்பீக்கர் வயரிலிருந்தே சிக்னல் எடுக்க முடியும். அந்தக் காருக்கென்றே வரும் கப்ளரைப் பயன்படுத்தினால் ஒரு வயரைக்கூட வெட்ட வேண்டாம். வயரை வெட்டிய காரில் மின்சாரப் பகுதிக்கான வாரன்டியை மறுக்க இடம் உண்டு.

இன்ஷூரன்ஸ், சட்டம், காது

கம்பெனி பொருத்தாத ஆம்ப்ளிஃபயர், ஊஃபருக்கு, பாலிசியில் 'எலெக்ட்ரிக்கல் ஆக்சஸரிஸ்' என்று மதிப்பைக் குறிப்பிட்டுக் கூடுதல் பிரீமியம் கட்டணும். சொல்லாமல் விட்டால் அவை திருடு போனாலோ எரிந்தாலோ அதற்கு இழப்பீடு கிடைக்காது. பில்லைப் பத்திரமா வையுங்க.

2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல்தான் வரம்பு. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி அமைதி மண்டலமாக அறிவிக்கப்பட்ட இடங்களில் இன்னும் குறைவு: 50, 40.

காருக்குள்ளேயும் வரம்பு உண்டு. உலக சுகாதார நிறுவனக் கணக்கில், பெரியவர்கள் 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம் கேட்கலாம். 90 டெசிபல் என்றால் வெறும் 4 மணி நேரம். அதைவிட முக்கியம், பின்னால் வரும் 108 ஆம்புலன்ஸ் சைரன் உங்க காதில் விழணும்.

கடையில் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

1. இந்தக் காருக்கான கப்ளர் இருக்கா, இல்ல வயரை வெட்டணுமா?
2. பேட்டரி பக்கத்தில் ஃபியூஸ் போடுவீங்களா? எத்தனை ஆம்பியர்?
3. வயர் முழுச் செம்பா?
4. ஆர்.எம்.எஸ். எத்தனை வாட்ஸ், எத்தனை ஓம்?
5. கழற்றிய பழைய ஸ்பீக்கரைத் திருப்பித் தருவீங்களா?

கடைசிக் கேள்வி சாதாரணமா தெரியலாம். ஆனா காரை விற்கும்போது பழைய ஸ்பீக்கர்களை மாட்டிக் கொடுத்துவிட்டு, புது செட்டை அடுத்த காருக்கு எடுத்துப் போகலாம். வயரை வெட்டாமல் இருந்தால்தான் அது முடியும்.