நகம்

விரல் நுனியின் மேற்புறத்தைக் காக்கும் கெரட்டின் தகடு. வெளியே தெரியும் நகத்தட்டு உயிரற்றது. தோலுக்கடியில் மறைந்திருக்கும் நகவேர்தான் அதை ஓயாமல் உருவாக்குகிறது. நகத்தின் அடியில் வெளிறித் தெரியும் பிறை அந்த வேரின் விளிம்பு. கைநகம் மாதத்துக்குச் சுமார் 3 மி.மீ. வளரும், கால்நகத்துக்கு அதில் பாதி வேகம்தான்.

இதைக் கண்ணால் காண மருதாணி போதும். உள்ளங்கைச் சிவப்பு இரண்டு மூன்று வாரத்தில் மங்கிவிடும். நகத்தில் ஏறிய சிவப்பு அப்படிப் போகாது. அடியிலிருந்து புது நகம் வெள்ளையாக ஏறிவர, பழைய சிவப்பு நுனிக்கு ஒதுங்கி, சுமார் 6 மாதத்தில் கடைசித் துண்டும் நகவெட்டியில் விழும்.

குளித்ததும் நகம் இளகியிருக்கும். வெட்ட அதுவே நல்ல நேரம். கால்நகத்தை நேராக வெட்ட வேண்டும். ஓரத்தைக் குடைந்தால் நகம் சதைக்குள் வளரக்கூடும். நகத்தை ஒட்டிய மெல்லிய தோல் கிருமியைத் தடுக்கும் அடைப்பு; அதை வெட்டினால் நகச்சுத்தி வரலாம். சீழ் கட்டிவிட்டால் விரலில் எலுமிச்சம்பழத்தைச் செருகிக்கொண்டு காத்திருக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.