இராசாமடத்துப் பந்தி

தஞ்சைத் தரணியின் தென்கடலோரத்தில், அதிராம்பட்டினத்தை அடுத்து இருக்கிறது இராசாமடம். இலங்கைக்குப் பாய்விரித்த தோணிகளையும், இராமேசுவரத்துக்கு நடந்த கால்களையும் கண்ட கரை அது. அந்த வழிநெடுகத் தஞ்சை மராட்டிய அரச குடும்பத்தார் சத்திரங்களைக் கட்டினர். குடும்பப் பெண்டிரின் பெயர்களையும் சூட்டினர். நீடாமங்கலத்தில் யமுனாம்பாள், ஒரத்தநாட்டில் முக்தாம்பாள்!

1799ஆம் ஆண்டு உடன்படிக்கையால் நாட்டைக் கும்பினியாரிடம் இழந்த சரபோசி, சத்திரங்களையாவது விட்டுவைக்கும்படி 1801இல் கடிதம் எழுதினார். அதில் சொன்னவை சிறியவை அல்ல. பார்ப்பனர் முதல் பறையர் வரை எல்லா வழிப்போக்கருக்கும் சோறு, நள்ளிரவில் மணியடித்து, உண்ணாதார் உண்டா என்று கேட்கும் வழக்கம், நோயாளிக்கு மருத்துவர், அனாதைக் குழந்தைக்குப் பால், கருவுற்ற பெண்ணுக்குப் பேறுகாலப் பராமரிப்பு. மெச்சத்தக்க ஏற்பாடு, மறுப்பதற்கில்லை. (அதே சரபோசிதான், நெப்போலியனை வெள்ளையர் வென்ற மகிழ்ச்சியில், அதே கடற்கரையில் மனோராக் கோபுரத்தையும் எழுப்பினார். கப்பலில் வந்து நாட்டைப் பறித்தவனுக்குக் கரையிலே வெற்றித்தூண்!) ஆனால் அக்கடிதத்திலேயே இன்னொரு செய்தியும் இருக்கிறது: சத்திரந்தோறும் நான்கு வேதங்களுக்கும் ஆசிரியர்கள். பறையனுக்குச் சோறு உண்டு; வேதம் உண்டா?

1855இல் அரசுரிமை முடிந்தது. சத்திரங்களும் அவற்றின் நிலங்களும் பின்னர் மாவட்டக் கழகத்தின் கைக்கு வந்தன. வயல்களில் உழுதவன் யார்? நாற்று நட்டவள் யார்? அந்த விளைச்சலில், இராசாமடத்திலும் ஒரத்தநாட்டிலும் விடுதிகளில் உண்டு உறங்கிப் படித்தவர்களோ பார்ப்பனப் பிள்ளைகள்!

1920களில் மாவட்டக் கழகத் தலைவரான நீதிக்கட்சிப் பெருந்தகை ஏ. டி. பன்னீர்செல்வம் இதைக் கண்டார். புதிய வரி விதிக்கவில்லை. புதிய கட்டடமும் கேட்கவில்லை. இருந்த விடுதியின் கதவைத் திறந்தார், அவ்வளவுதான். பார்ப்பனரல்லாதார், ஆதித்திராவிடர் வீட்டுப் பிள்ளைகளும் உள்ளே வந்தனர். சத்திர வருவாயில் நடந்த திருவையாற்று வடமொழிக் கல்லூரியிலும் தமிழ் நுழைந்தது. அது அரசர் கல்லூரி ஆயிற்று. கடலோரக் குடிசைப் பிள்ளைக்கு மூன்று வேளைச் சோறும் விளக்கொளியும் கிடைப்பது எத்தகைய புரட்சி என்பதைப் பசித்துப் படித்தவன் அறிவான். 1940இல் இலண்டனுக்குப் பறந்த விமானத்தோடு பன்னீர்செல்வம் மறைந்தார்.

அவர் வாழ்ந்த காலத்திலேயே, யமுனாம்பாள் சத்திரம் நின்ற அதே நீடாமங்கலத்தில், 1937 டிசம்பரில் காங்கிரசு மாநாடு நடந்தது. எல்லோருக்கும் விருந்து என்ற அறிவிப்பை நம்பிப் பந்தியில் அமர்ந்தனர் ஆதித்திராவிடத் தோழர்கள். அடித்தார்கள். மொட்டையடித்தார்கள். சாணிப்பாலைக் கொடுத்துக் குடிக்க வைத்தார்கள். 'விடுதலை' ஏடு அதை அம்பலப்படுத்தியது. ஏட்டின்மீது அவதூறு வழக்குப் பாய்ந்தது.