ஐந்தாவது வருஷம் யார் கணக்கில்?

போன ஜூன் மாதம் உத்திரமேரூர் பக்கம் ஒரு காலனி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். அந்த வீட்டுப் பெண் அரசு மாதிரிப் பள்ளியில் பிளஸ் டூ முடித்தவள். ஜே.இ.இ. மெயின் ரேங்க் வந்துவிட்டது. ஜோசா கலந்தாய்வுக்கு விருப்பப் பட்டியல் போட வேண்டும். என்னிடம் போனை நீட்டி ஒரு வரியைக் காட்டினாள்: காஞ்சிபுரம் ஐ.ஐ.ஐ.டி.டி.எம்., பி.டெக். + எம்.டெக்., இரட்டைப் பட்டம், ஐந்து ஆண்டு.

"நாலு வருஷம்னுதானேம்மா சொன்ன? இது இன்னா அஞ்சு?" என்றார் அப்பா.

"தனித்தனியா படிச்சா ஆறு வருஷம்ப்பா. இதுல ஒரு வருஷம் மிச்சம்."

"மிச்சமா?" என்று கேட்டுவிட்டு அவர் என்னைப் பார்த்தார்.

மகளுக்கு ஒரு வருஷம் குறைகிறது, அப்பாவுக்கு ஒரு வருஷம் கூடுகிறது. இரண்டு பேர் கணக்கும் சரிதான். எனக்கு அன்றைக்குச் சட்டென்று பதில் சொல்ல வரவில்லை. வீட்டுக்கு வந்து இந்த ஐந்து வருஷத்தின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். படித்ததைத்தான் எழுதுகிறேன்.

முதலில் வருஷக் கணக்கு. நம் தாத்தா காலத்தில் தமிழ்நாட்டில் பொறியாளர் ஆக எத்தனை வருஷம் ஆனது? பள்ளி 11 வருஷம், பி.யு.சி. ஒரு வருஷம், பி.இ. ஐந்து வருஷம். மொத்தம் 17. 1978-ல் பிளஸ் ஒன் வந்தது, 1980-ல் முதல் பிளஸ் டூ அணி வெளியே வந்தது. அதற்குப் பிறகு பள்ளி 12, பி.இ. நான்கு, மொத்தம் 16. ஐ.ஐ.டி.களிலும் ஐந்து வருஷமாக இருந்த பி.டெக். 1980களின் தொடக்கத்தில் நான்காகக் குறைந்தது. பி.இ. முடித்து எம்.இ.யும் படித்தால் இன்று 18. 1990களின் பிற்பகுதியில் ஐ.ஐ.டி.களில் பரவத் தொடங்கிய இரட்டைப் பட்டத்தில் 12-ம் ஐந்தும் சேர்ந்து மறுபடி 17. அதாவது, ஒரு காலத்தில் ஒரு பட்டத்துக்கு ஆன அதே 17 வருஷத்தில் இப்போது இரண்டு பட்டம். கேட்பதற்கு லாபமாகத்தான் இருக்கிறது. ஆனால் பதினேழாவது வருஷத்துக்குச் சோறு போடுவது யார் என்பதைப் பாடத்திட்டக் குழுக்கள் எழுதுவதில்லை.

எங்கள் ஊர் வரலாறு இதைப் பற்றி ஏற்கெனவே ஒன்று சொல்லியிருக்கிறது. உத்திரமேரூர் என்றாலே எல்லோருக்கும் குடவோலை ஞாபகம் வரும். 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமரும் அந்தக் கல்வெட்டைப் பற்றிப் பேசினார். முதலாம் பராந்தகன் காலத்தில் 919-லும் 921-லும் பொறித்த இரண்டு சாசனங்கள் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் இருக்கின்றன. பஸ் ஸ்டாண்டு பக்கம்தான். பள்ளிச் சுற்றுலா வரும் பிள்ளைகளிடம் "ஜனநாயகத்தின் பிறப்பிடம்" என்று சொல்லி அனுப்புகிறார்கள். யார் பெயரை ஓலையில் எழுதலாம் என்ற வரிகளை யாரும் படித்துக் காட்டுவதில்லை.

அது சதுர்வேதிமங்கலம், பிராமணர்களுக்குக் கொடுத்த ஊர். அதன் சபைக்குத்தான் அந்தத் தேர்தல். இரண்டாம் சாசனத்தின்படி வயது 35-லிருந்து 70-க்குள் இருக்க வேண்டும். வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும். சொந்த மனையில் கட்டிய வீடு வேண்டும். வேதம் தெரிந்திருக்க வேண்டும். இதில் ஒரு சலுகையும் உண்டு: ஒரு வேதமும் அதோடு ஒரு பாஷ்யமும் கற்று, பிறருக்கு விளக்கிச் சொல்லத் தெரிந்தவராக இருந்தால் அரைக்கால் வேலி நிலம் இருந்தாலே போதும். இரண்டு படிப்பு படித்தவருக்கு நிலத்தில் பாதி தள்ளுபடி!

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்பே இரட்டைப் பட்டத்துக்கு இங்கே மதிப்பு இருந்திருக்கிறது. ஆனால் அந்தத் தள்ளுபடியும் அரைக்கால் வேலி வைத்திருந்தவருக்குத்தான். வயலில் இறங்கி வேலை செய்தவருக்கு நிலமும் இல்லை, வேதத்தைக் காதால் கேட்கவும் அனுமதி இல்லை. கூடுதலாகப் படிக்க நேரம் வேண்டும், அந்த நேரத்தை நிலம்தான் கொடுத்தது.

அந்த நிலத்தைப் பற்றி அரசாங்கம் பேசத் தொடங்கியது 1891-ல். உத்திரமேரூர் அப்போது செங்கல்பட்டு ஜில்லாவில் இருந்தது. அந்த ஜில்லாவின் கலெக்டர் திரமென்ஹீர், பறையர்களின் நிலைமை பற்றி அறிக்கை எழுதினார். 1892-ல் நிலம் ஒதுக்க ஆணை வந்தது, அதுதான் நாம் பஞ்சமி நிலம் என்று சொல்வது. அடுத்த ஆண்டே, 1893-ல், பஞ்சமர் கல்விக்குத் தனி அரசாணை வந்தது. அதே 1893-ல், இதே ஜில்லாவின் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' இதழைத் தொடங்கினார். நிலமும் படிப்பும் நமக்கு ஆணையாக வந்தது ஏறக்குறைய ஒரே நேரத்தில். படிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கைக்கு வந்தது. நிலம் என்ன ஆனது என்பது 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில், காரணைப் பஞ்சமி நிலப் போராட்டத்தில், துப்பாக்கிச் சூட்டுக்கு உயிர் கொடுத்த ஜான் தாமஸ், ஏழுமலை பெயர்களைத் தெரிந்த எல்லோருக்கும் தெரியும்.

நிலம் இல்லாதவர் இரண்டு பட்டத்தை ஒரே நேரத்தில் தொட்டால் என்ன ஆகும்? அதற்கு நம்மிடம் பெரிய சாட்சி இருக்கிறது. அம்பேத்கரின் பட்டங்களை மேடையில் வரிசையாகச் சொல்லிக் கைதட்டல் வாங்குகிறோம். அந்த வரிசையின் நடுவில் ஒரு ஓட்டை இருப்பதைச் சொல்வதில்லை. பரோடா மன்னரின் உதவித்தொகையில் 1913-ல் கொலம்பியா போனவர், 1916-ல் லண்டன் வந்தார். பாரிஸ்டர் படிப்புக்குக் கிரேஸ் இன்னிலும், பொருளாதாரத்துக்கு லண்டன் பொருளாதாரப் பள்ளியிலும் ஒரே நேரத்தில் சேர்ந்தார். ஒரு வருஷம்கூட முழுசாக ஆகவில்லை. உதவித்தொகைக் காலம் முடிந்தது, 1917-ல் படிப்பைப் பாதியில் விட்டுக் கப்பல் ஏறினார். பரோடாவில் தங்க வீடுகூடக் கிடைக்காமல் துரத்தப்பட்டதும், பம்பாயில் பேராசிரியராகச் சம்பாதித்துக் காசு சேர்த்ததும் இந்த இடைவெளியில்தான். சொந்தச் சேமிப்போடு நண்பர் கடனும் கோலாப்பூர் சாகு மகாராஜாவின் உதவியும் சேர்ந்து 1920-ல் திரும்பப் போனார். 1921-ல் எம்.எஸ்சி., 1923-ல் டி.எஸ்சி. நடுவில் பாரிஸ்டர்.

மூன்று வருஷம் போனது. அவர் மூளையில் குறை இருந்ததால் போனதா? உதவித்தொகை கொடுத்தவர் போட்ட காலக்கெடு வேறு, படிப்பு கேட்ட காலம் வேறு. அவ்வளவுதான்.

இதை அவர் மறக்கவில்லை என்றே நினைக்கிறேன். 1942-ல் வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் உறுப்பினரானதும் பட்டியல் சாதியினர் குறைகளைப் பற்றி ஒரு மனு கொடுத்தார். அதில் கல்வி பற்றிய பகுதியை மாணவத் தோழர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். கலைப் படிப்பும் சட்டப் படிப்பும் நம் ஆட்களுக்கு ஓரளவு எட்டுகிறது, அறிவியலும் தொழில்நுட்பமும் செலவு காரணமாகவே எட்டவில்லை, முன்னேற்றம் அதில்தான் இருக்கிறது என்பது அவர் வாதம். அந்தப் படிப்புகளுக்கென்றே ஆண்டுக்கு இரண்டு லட்ச ரூபாயும், வெளிநாட்டுப் படிப்புக்கு ஒரு லட்சமும் கேட்டார். அரசு அச்சகங்களிலும் ரயில்வேயிலும் தொழிற்பயிற்சியும் கேட்டார். இதன் தொடர்ச்சியாக 1944-ல் வந்ததுதான், இன்று நாம் 'ஸ்காலர்ஷிப் வந்துச்சா?' என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை.

சென்னை ஐ.ஐ.டி. 1959-ல் திறந்தது. ஐ.ஐ.டி.களில் பட்டியல் சாதி, பழங்குடி இட ஒதுக்கீடு வந்தது 1973-ல். பதினான்கு வருஷம் கதவு மூடியே இருந்தது. தகுதி என்ற பெயரில் அங்கே சாதி எப்படி வேலை செய்தது என்று அறிய அஜந்தா சுப்பிரமணியன் 2019-ல் எழுதிய 'தி காஸ்ட் ஆஃப் மெரிட்' நூலைத் தேடிப் படியுங்கள். சென்னை ஐ.ஐ.டி.யைத்தான் எடுத்துக்கொண்டு எழுதியிருக்கிறார்.

இப்போது இரட்டைப் பட்டத்துக்கு வருகிறேன். நம் நோக்கில் இதில் ஒரு பெரிய நன்மை இருக்கிறது. சாதாரண வழியில் எம்.டெக். போக வேண்டுமானால் இன்னொரு வாசல் தாண்ட வேண்டும்: கேட் அல்லது சீட்டா பி.ஜி. மறுபடி விண்ணப்பம், மறுபடி சான்றிதழ், மறுபடி கட்டணம். பி.இ. முடித்த கையோடு நம் பிள்ளைகள் ஒரகடத்துக்கோ ஸ்ரீபெரும்புதூருக்கோ கம்பெனி பஸ் ஏறிவிடுகிறார்கள், அந்த இரண்டாம் வாசலுக்கு வருவதே இல்லை. இரட்டைப் பட்டத்தில் வாசல் ஒன்றுதான். 17 வயதில் இட ஒதுக்கீட்டில் கிடைத்த இடம் எம்.டெக். வரை கூடவே வருகிறது. இது ஏன் முக்கியம் என்றால், பொறியியல் கல்லூரியில் உதவிப் பேராசிரியர் ஆக எம்.இ. அல்லது எம்.டெக். வேண்டும். வகுப்பில் நம் பிள்ளைகள் வந்துவிட்டார்கள், கரும்பலகைப் பக்கம் இன்னும் வரவில்லை. அந்தப் பக்கம் போகும் பாதை இந்த ஐந்தாவது வருஷத்தின் வழியாகத்தான் போகிறது.

ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். மாநிலக் கலந்தாய்வில் பட்டியல் சாதிக்கு 18 சதவீதம், அதில் அருந்ததியருக்கு 3 உள்ஒதுக்கீடு. காஞ்சிபுரம் ஐ.ஐ.ஐ.டி.டி.எம். மத்திய அரசு நிறுவனம், அங்கே 15 சதவீதம், அதுவும் அகில இந்தியப் போட்டியில். 2007-ல் தொடங்கிய அந்த நிறுவனம் மேலக்கோட்டையூரில் இருக்கிறது. 2019-ல் மாவட்டம் பிரிந்தபோது அது செங்கல்பட்டு மாவட்டத்துக்குப் போய்விட்டது, பெயரில் மட்டும் காஞ்சிபுரம் மிச்சம்.

சிக்கல் பணத்தில் வருகிறது. நமக்கு இருக்கும் நல்ல திட்டங்கள் பலவும் 'இளநிலை' என்ற ஒரு சொல்லைச் சுற்றிக் கட்டியவை. 7.5 சதவீத ஒதுக்கீட்டில் மாநிலக் கலந்தாய்வு வழியாகப் பி.இ. சேரும் அரசுப் பள்ளி மாணவருக்குக் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. ஐ.ஐ.டி. போன்ற நிறுவனங்களில் சேரும் அரசுப் பள்ளி மாணவரின் செலவை ஏற்போம் என்று 2022-ல் மாநில அரசு அறிவித்ததும் இளநிலைப் படிப்புக்குத்தான். புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் முதுநிலைக்குக் கிடையாது. தனியாக எம்.டெக். சேரும் கேட் தகுதி பெற்றவருக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. இரட்டைப் பட்டத்தின் ஐந்தாவது வருஷம் இந்த இரண்டு கரைக்கும் நடுவில் நிற்கிறது. அது இளநிலையா, முதுநிலையா? 12,400 அந்த வருஷத்தில் தானாக வருமா, மதிப்பெண் நிபந்தனை உண்டா, கேட் எழுத வேண்டுமா? ஒவ்வொரு நிறுவனத்தின் விதியிலும் பதில் தேட வேண்டும். சேரும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பட்டியல் சாதி மாணவருக்கு 2007 முதல் மத்திய அரசின் உயர்தரக் கல்வி உதவித்தொகை தனியாக இருக்கிறது. அதற்கு ஒவ்வொரு நிறுவனத்திலும் இத்தனை இடம் என்று வரம்பு உண்டு, அதையும் கேளுங்கள்.

இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டும். நான்காவது வருஷம் முடிந்ததும் வீட்டில் ஒரு சாவு, ஒரு கடன், ஒரு நோய் என்று வந்தால் பி.டெக்.கை மட்டும் வாங்கிக்கொண்டு வெளியே வர முடியுமா? இரண்டு பட்டமும் கடைசியில் சேர்த்துத்தான் தருவார்கள் என்றால், நான்கு வருஷம் படித்தவர் கையில் அன்றைக்கு ஒன்றும் இருக்காது. எனக்குத் தெரிந்த ஒரு பையன், வேறு ஒரு ஒருங்கிணைந்த படிப்பு, வேறு ஊர், உதவித்தொகை பத்து மாதம் தாமதமானதில் மெஸ் பாக்கி ஏறி, தேர்வு எழுத விடாமல் நிறுத்தப்பட்டான். இரண்டு பருவம் போனது. நானும் கடிதம் எழுதினேன், பெரிதாகப் பலன் இல்லை. அவன் இப்போது வேலைக்குப் போகிறான். மீதியை முடிப்பேன் என்கிறான்.

வேறு சில நிறுவனங்களில் முதலில் பி.டெக். சேர்ந்துவிட்டு, இரண்டு மூன்று வருஷம் போன பிறகு விருப்பப்பட்டால் இரட்டைப் பட்டத்துக்கு மாறிக்கொள்ளும் வழி வைத்திருக்கிறார்கள். முதல் தலைமுறைப் பிள்ளைகளுக்கு எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. பதினேழு வயதில் ஐந்து வருஷத்துக்குக் கையெழுத்துப் போட வேண்டாம். ஆனால் அந்த மாற்றத்துக்கு மதிப்பெண் வரம்பு வைப்பார்கள். முதல் வருஷம் ஆங்கிலத்தில் திணறி மதிப்பெண் இழந்தவர் யார் என்று உங்களுக்குத் தெரியும். அங்கேயும் நாம் போய் நின்று பேச வேண்டியிருக்கிறது.

இவ்வளவும் ஒரு வாரம் கழித்து அந்தத் திண்ணையில் சொன்னேன். அம்பேத்கர் 1917-ல் பாதியில் திரும்பிய கதையை அப்பா இரண்டு தடவை கேட்டார். "அவருக்கேவா?" என்றார். பெண் பட்டியலில் நான்கு வருஷப் படிப்புகள் இரண்டை மேலே வைத்து, இரட்டைப் பட்டத்தை மூன்றாவதாகப் போட்டாள். பூட்டும் முன் அப்பாவைப் பார்த்தாள். அவர் வேறு ஏதோ யோசனையில் இருந்தார்.

"வருமானச் சான்று வருஷா வருஷம் புதுசா வாங்கணும் இல்ல?" என்று என்னிடம் கேட்டார். "அப்ப அஞ்சு தடவ."