காவலும் உறக்கமும்



சிதம்பரம் நடராசர் கோயிலில் நாள்தோறும் ஆறு காலப் பூசை நடைபெறுகிறது. மணியோசை கேட்டதும் வீதியிலுள்ளோர் பொழுதை அறிகின்றனர். அதுவரை அவர்கள் தத்தம் தொழிலில் ஈடுபட்டிருப்பர். கணந்தோறும் கோயில் வாயிலுக்கு ஓடிப் ‘பொழுது ஆயிற்றா?’ என வினவுவார் எவருமிலர். இவ்வெளிய உண்மையைக் கணிப்பொறி கற்றுக்கொண்ட வரலாறே இன்றைய பேச்சின் பொருள்.

சங்க நூலாகிய முல்லைப்பாட்டு, பாசறையில் மன்னனுக்குக் காலத்தை அறிவித்த நாழிகைக் கணக்கரைக் காட்டுகிறது. நாழிகை என்பது 24 நிமிடம். கலத்து நீரைச் சிலர் விழித்திருந்து நோக்கினர். பலர் அக்கவலையின்றி இருந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இம்முறையே வேறு வடிவில் நிலவியது. 1792-இல் நுங்கம்பாக்கத்தில் அமைந்த வானாய்வகம் கணித்த சென்னை நேரத்தைப் புகைவண்டி நிலையங்கள் தந்தி வழியே பெற்றன. கடலூரிலும் சிதம்பரத்திலும் தனித்தனியே விண்மீன்களை ஆராய வேண்டியிருக்கவில்லை. 1906 சனவரி முதல் நாள் இந்தியப் பொது நேரம் நடைமுறைக்கு வந்தது.

தொடக்ககாலக் கணிப்பொறிகளோ, ‘ஆயிற்றா, ஆயிற்றா?’ என்று ஓயாது வினவியே காத்திருந்தன. அமெரிக்காவில் 1954-இல் இயங்கிய டைசியாக், குறுக்கீடு என்னும் முறையை முதன்முதல் கையாண்டவற்றுள் ஒன்றாகும். வேலை வரும்போது சைகை எழும். செயலி அதற்குச் செவிசாய்க்கும். ஆயினும், வேலையற்ற செயலியையும் கடிகாரத் துடிப்பு நொடிக்குப் பலமுறை எழுப்பிக்கொண்டிருந்தது. 2007-இல் வந்த லினக்ஸ் 2.6.21, ஓய்வு வேளையில் அத்துடிப்பை நிறுத்தி வைக்க வழிசெய்தது.

இதனால் நமக்கு என்ன பயன் எனக் கேட்கலாம். 2011 திசம்பர் 30-இல் தானே புயல் கடலூரைத் தாக்கியபின், பல ஊர்கள் நாட்கணக்கில் மின்சாரமின்றித் தவித்தன. அத்தகைய வேளையில், மின்கலத்தால் இயங்கிக் கடல் மட்டத்தைப் பத்து நொடிக்கு ஒருமுறை அளக்கும் கருவி ஒன்றிற்கு நீங்கள் நிரல் எழுதியிருப்பதாகக் கொள்வோம். இடைப்பட்ட நேரமெல்லாம் கடிகாரத்தையே கேட்டுச் சுழலும் நிரல், செயலிக்கு ஓய்வளிக்காது மின்கலத்தை வீணே கரைத்துவிடும். உறங்கி விழிக்கும் நிரலோ நெடுநேரம் காவல் காக்கும்.

இங்கு ஒரு பிழை நேர்வதுண்டு. அளத்தற்கு இரண்டு நொடியாகி, அதன்பின் பத்து நொடி உறங்கினால், சுற்றொன்றுக்குப் பன்னிரண்டு நொடி ஆகிவிடும். மணிக்கு 360 அளவைகள் கிடைக்கவேண்டிய இடத்தில் 300 மட்டுமே கிட்டும். ஆதலின், ‘பத்து நொடி உறங்கு’ என்னாமல், ‘அடுத்து வகுத்த நேரம் வரை உறங்கு’ என ஆணையிடுதல் வேண்டும். கோயிலில் அடுத்த பூசைக்குரிய பொழுதும் முந்தைய பூசை முடிந்த கணத்திலிருந்து எண்ணப்படுவதன்று. நாளின் பொழுதோடு பொருந்தி வகுக்கப்பட்டதாகும்.

ஓயாது விழித்திருப்பது மட்டும் காவலாகாது. உரிய வேளையில் விழித்தெழுவதே காவல். நும் நிரல்களும் அவ்வாறே அமைவனவாக!