சபராளிகளின் பிள்ளைகள்

நம் மக்கள் பேச்சில் 'சபராளி' என்றொரு சொல் உண்டு. பயணத்தைக் குறிக்கும் 'ஸஃபர்' என்னும் அரபுச் சொல்லிலிருந்து பிறந்தது அது. கடல் கடந்து பொருளீட்டச் சென்றோரை நம் முன்னோர் அவ்வாறு அழைத்தனர். அவர்களுடைய வணிகத்தைப் பற்றி நிறையவே எழுதப்பட்டுள்ளது. அவர்கள் ஊரில் விட்டுச் சென்ற பிள்ளைகளைப் பற்றி எழுதப்பட்டது குறைவு.

பினாங்கின் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் 1801இலும், சிங்கப்பூரின் ஜாமிஆ சூலியா பள்ளிவாசல் 1826இலும் தோன்றியவை. இரண்டும் தமிழகக் கரையிலிருந்து சென்ற முஸ்லிம்கள் எழுப்பியவை. அங்கே பள்ளிவாசல் எழுப்பும் அளவுக்கு அவர்கள் காலூன்றியிருந்தனர் எனில், இங்கே எத்தனை வீடுகளில் பிள்ளைகள் தகப்பன் முகம் காணாது வளர்ந்திருப்பர் என்பதை எண்ணிப் பார்க்கலாம். சிலர் அங்கேயே மணமுடித்து இன்னொரு குடும்பம் கண்டனர் என்பதையும் மறைப்பதற்கில்லை.

எனினும் அப்பிள்ளைகள் அநாதரவாக விடப்படவில்லை. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் மணமான பெண் தாய்வீட்டிலேயே, அல்லது பெற்றோர் தந்த வீட்டிலேயே வாழும் வழக்கம் நிலைபெற்றிருந்தது. ஆகவே தந்தை இல்லாத இடத்தில் பாட்டனாரும் தாய்மாமனும் இருந்தனர். பெரியம்மாவின் கண்டிப்பும் பாட்டியின் அரவணைப்பும் ஒரே கூரையின் கீழ்க் கிடைத்தன. பிள்ளை தெருவில் தவறு செய்தால் கண்டிக்கும் உரிமை அத்தெருவின் பெரியவர்கள் அனைவருக்கும் இருந்தது.

தந்தைக்கும் பிள்ளைக்கும் இடையே பாலமாய் நின்றது கடிதம். பெண்கள் பள்ளிக்கூடம் செல்லாத அக்காலத்தில், திருக்குர்ஆன் ஓதுவதற்காகக் கற்ற அரபு எழுத்திலேயே தமிழை எழுதினர். இந்த அரபுத்தமிழில், கணவருக்கு வேண்டிய செய்தியை அந்நியர் துணையின்றித் தாமே வரைந்தனர். கடிதம் எழுதத் தெரிந்த தாயே அன்று குடும்பத்தைக் கட்டிக் காத்தாள்.

1941 டிசம்பரில் ஜப்பானியப் படையெடுப்பு தொடங்கியது. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. ஏறத்தாழ மூன்றரை ஆண்டுகள் மலாயாவிலிருந்து கடிதமும் இல்லை, பணமும் இல்லை. தந்தை உயிரோடு உள்ளாரா என்பதே அறியாமல் பிள்ளைகள் வளர்ந்தனர். பர்மாவிலிருந்து கால்நடையாகத் திரும்பியோர் பலர். வழியிலேயே மாண்டோரும் பலர். அக்காலத்தைக் குடும்பங்கள் கடந்தது உறவினர் பகிர்ந்த கஞ்சியால்தான்.

1973இல் எண்ணெய் விலை உயர்ந்தபின் பயணத்தின் திசை வளைகுடா நோக்கித் திரும்பியது. 1985 பிப்ரவரியில் எம்.வி. சிதம்பரம் கப்பல் தீப்பற்றியதோடு பழைய கப்பல் பயணமும் முடிந்தது. இரண்டாண்டு ஒப்பந்தம், ஓரிரு மாத விடுமுறை என்பதே பலரின் வாழ்க்கையாயிற்று. குறைந்த ஊதியம் பெறுவோர்க்குக் குடும்ப விசா கிட்டுவதில்லை. ஒலிநாடாவில் பேசிப் பதிந்து, ஊருக்குத் திரும்புவோரிடம் கொடுத்தனுப்பிய காலம் அது. குரலை அறிந்த குழந்தை, ஆளை நேரில் கண்டதும் தாயின் முந்தானைக்குள் ஒளிந்த காட்சி நம் வீடுகளில் புதிதன்று. 1990 ஆகஸ்ட் 2இல் ஈராக் குவைத்தைக் கைப்பற்றியபோது, 1942இன் கவலை மீண்டும் நம் வாசல்களில் வந்து நின்றது.

இன்று தந்தையின் முகத்தை நாள்தோறும் கைப்பேசியில் காண முடிகிறது. ஆயினும் அன்றிருந்த ஒன்று இன்று குறைந்துவிட்டது. கூட்டுக் குடும்பங்கள் தனி வீடுகளாயின. தாய்மாமனும் வெளிநாட்டில் இருக்கிறார். அடுத்த வீட்டுப் பிள்ளையைக் கண்டிக்கப் பெரியவர்கள் தயங்குகின்றனர். தாய் ஒருத்தியே தந்தையாகவும், பாட்டனாராகவும், தெருவாகவும் இருக்க வேண்டியுள்ளது. வரலாறு காட்டுவது இதுதான்: தந்தை தொலைவில் இருப்பது நமக்குப் புதிதன்று, அவரிடத்தில் நிற்க ஆளில்லாமல் போனதே புதிது.

அந்த வெற்றிடத்தை நிரப்பும் கடமை ஜமாஅத்தார் அனைவருக்கும் உண்டு. மஃரிபு தொழுகைக்குப் பின் வாசலில் நிற்கும் சிறுவனிடம், "உன் வாப்பா எங்கே இருக்கிறார்? நீ என்ன படிக்கிறாய்?" என்று கேட்கப் பொருட்செலவு ஏதுமில்லை. பள்ளிக்கூடத்தில் பெற்றோரை அழைக்கும் நாளில் அவனுடன் செல்ல ஒருவர் இருந்தால் போதும். நம் பாட்டனார்கள் பிறர் பிள்ளைகளுக்குச் செய்ததும் அதுவே.